தோளில் தொங்கும் பாம்பு யாருடைய அச்சத்தைப் போக்குகிறது?

2023 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகரில் ஒருவருக்கு 2,322 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தார்கள். தாம் வளர்க்கும் மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கடலில் அலைச்சறுக்கு விளையாடினார் என்பதே குற்றம். பாம்பின் பெயர் சிவா. வீட்டில் வைத்து வளர்க்கத்தான் உரிமம் கொடுத்திருக்கிறோம், பொது இடத்துக்குக் கொண்டுபோக அதில் இடமில்லை என்றது குயின்ஸ்லாந்து மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை. பழக்கமில்லாத இடத்தில் பாம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது, அந்தத் தண்ணீர் அதற்குக் கடுங்குளிராக இருந்திருக்கும், அதற்கு இது வீண் துன்பம் என்று துறையின் வனவிலங்கு அலுவலர் விளக்கம் சொன்னார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது வெறும் அதிகாரக் கெடுபிடியாகத் தோன்றக்கூடும். ஒருவர் தம் பாம்போடு மகிழ்ச்சியாக இருக்கிறார், அது யாரையும் கடிக்கவில்லை, பார்த்தவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். இதில் என்ன கெட்டுப்போயிற்று?

இந்தக் கேள்வியின் பின்னால் ஒரு கொள்கையே இருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஊர்வன வளர்ப்போரிடையே அது ஏறக்குறைய மறுப்பில்லாமல் வழங்கிவருகிறது. மனிதர்கள் பாம்புகளை அடித்துக் கொல்வது பயத்தினால். பயம் வருவது பழக்கமில்லாததனால். ஆகவே பூங்காவுக்கும் கடைவீதிக்கும் பேருந்துக்கும் பாம்பைக் கொண்டுபோய்ப் பழக்கிவிட்டால் பயம் போகும், பாம்புகள் பிழைக்கும் என்பது அதன் சாரம். இதன் முதல் பாதியை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 2001-இல் கேலப் நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய கருத்துக் கணிப்பில் 51 விழுக்காட்டினர் பாம்புக்கு அஞ்சுவதாகச் சொன்னார்கள். உயரமும் மேடைப் பேச்சும்கூட அதற்குப் பின்னால்தான் வந்தன. எலிகளைத் தின்று வயலைக் காக்கும் சாரைப்பாம்பு நம் ஊர்களில் தடியடியில் சாவதும் இதே பயத்தால்தான். பாம்பின்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் இந்தப் பயத்தைக் குறைக்க நினைப்பது நியாயம். அவர்கள் தேர்ந்துகொண்ட வழிதான் தவறு. அந்த வழி பயத்தைக் குறைப்பதில்லை. பாம்புக்கும் அதனால் நன்மை இல்லை. அந்தக் காட்சியில் மூன்று தரப்பு இருக்கிறது: வளர்ப்பவர், பாம்பு, வழியில் வந்தவர். மூவரில் ஒருவர் மட்டுமே தம் விருப்பத்தோடு அங்கே நிற்கிறார்.

பயம் எப்படிக் குறைகிறது என்பதைப் பற்றி நமக்கு நல்ல சான்றுகள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று பாம்பை வைத்தே செய்யப்பட்டது. 1960-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் பாம்புக்குக் கடுமையாக அஞ்சுபவர்களைத் தேடிச் சேர்த்தார்கள். தோட்ட வேலை செய்யவோ காட்டுப்பக்கம் நடக்கவோ முடியாத அளவுக்கு அஞ்சியவர்கள் அவர்கள். பல முறைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் மிகச் சிறப்பாகப் பலன் தந்தது ஒன்று. அஞ்சுபவர் முதலில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, வேறொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்ப்பார். பிறகு அறைக்குள் வருவார். பிறகு அருகே வருவார். தலையையும் வாலையும் வழிநடத்துபவர் பிடித்துக்கொள்ள, கையுறையோடு நடுவுடலைத் தொடுவார், அதன்பின் வெறுங்கையால். ஒவ்வொரு படியிலும் அடுத்த அடியை எடுப்பதும் எடுக்காததும் அஞ்சுபவர் கையில் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போகவும் அவருக்கு உரிமை இருந்தது. இந்த முறையில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கடைசியில் பாம்பை மடியில் வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். 'பழகினால் பயம் போகும்' என்று சொல்பவர்கள் சுட்டிக்காட்டுவது இந்த மரபைத்தான். ஆனால் அதில் பலன் தந்த கூறுகள் எவை என்று பாருங்கள்: முன்கூட்டியே தெரிந்திருத்தல், படிப்படியாக நெருங்குதல், விலகும் உரிமை. கடைவீதியில் திடீரென்று எதிர்ப்படும் பாம்பு இந்த மூன்றையும் பறித்துக்கொள்கிறது. பாம்பு இருந்தது என்பதைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது எதுவுமில்லை.

இதற்கு ஒரு பதில் வரும். 'எத்தனையோ பேர் அருகே வந்து கேள்வி கேட்கிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், சிரித்துக்கொண்டே போகிறார்கள், நாங்களே கண்ணால் பார்க்கிறோமே' என்பார்கள். பார்ப்பது உண்மைதான். ஆனால் வந்தவர்கள் யார்? ஆர்வமுள்ளவர்கள், ஏற்கெனவே பாதி பயம் தெளிந்தவர்கள். உண்மையாக அஞ்சுபவர் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விட்டார், பேருந்திலிருந்து அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூங்காவை விட்டே வெளியேறிவிட்டார். வளர்ப்பவரின் கணக்கில் அவர்கள் வருவதே இல்லை. யாருக்காக இந்தக் காட்சி நடத்தப்படுகிறதாகச் சொல்கிறார்களோ, அவர்கள்தான் அதில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். விலகிப் போகலாமே, யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்பவர்கள், கடுமையான அச்சம் என்பது வேண்டாம் என்று நினைத்தால் வராமலிருக்கும் ஒன்றில்லை என்பதை மறக்கிறார்கள். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கால் நகராமல் நிற்பவருக்கு விலகும் வாய்ப்பு இல்லை. ஓடும் பேருந்திலும் கடையின் வரிசையிலும் மற்றவர்களுக்கும் இல்லை.

பயம் குறையாமல் போவது மட்டுமில்லை, புதிதாகப் பிறக்கவும் கூடும். சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் 1980-களில் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் உளவியலில் புகழ்பெற்றவை. ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு ஒன்று பாம்பைக் கண்டு நடுங்குவதைச் சிறிது நேரம் பார்த்த பிறகு, அவையும் அஞ்சத் தொடங்கின. சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும் அந்த அச்சம் அப்படியே இருந்தது. இந்த ஆய்வுகளில் மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது: பாம்பின் அருகே அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பார்த்தவற்றில் பல, பின்னால் அஞ்சும் குரங்கைப் பார்த்தபோதும் எளிதில் அஞ்சவில்லை. அப்படியானால் பாம்பை அமைதியாகத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவரே அந்த நல்ல முன்மாதிரி ஆகலாமே? ஆகலாம், குழந்தையின் கண்ணுக்கு அவர் ஒருவர் மட்டுமே தெரியுமானால். தெருவில் அப்படி நடப்பதில்லை. ஒருவர் அமைதியாக நிற்கிறார். சுற்றிலும் நாலு பேர் அலறுகிறார்கள், பின்வாங்குகிறார்கள். குழந்தை பார்ப்பது முன்பின் தெரியாத அந்த மனிதரின் முகத்தையா, தன் கையை இறுகப் பிடிக்கும் தாயின் முகத்தையா? வகுப்பறையிலோ பாம்புப் பண்ணையிலோ சூழலை அமைதியாக வைத்திருக்கலாம். பொதுவிடத்தில் கூட்டத்தின் எதிர்வினை யார் கட்டுப்பாட்டிலும் இல்லை.

பொதுமக்கள் அந்தக் காட்சியிலிருந்து உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டால், பாம்பைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2020 செப்டம்பரில், கொரோனாக் காலத்தில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் ஒருவர் பாம்பையே கழுத்திலும் வாயிலும் முகக்கவசம்போல் சுற்றிக்கொண்டு பேருந்தில் வந்தார். முதலில் அதை வினோதமான முகக்கவசம் என்று நினைத்த சக பயணிகள், அது நெளிந்து கம்பியில் ஏறிய பிறகுதான் உயிருள்ள பாம்பு என்று உணர்ந்தார்கள். செய்தி உலகைச் சுற்றிவந்தது. அது என்ன இனப் பாம்பு, எங்கிருந்து வந்தது, எதைத் தின்கிறது, அதன் காட்டு வாழ்விடம் என்ன நிலையில் இருக்கிறது என்று படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? கோல்டு கோஸ்ட் படங்களும் அப்படியே. வேடிக்கையில் நினைவில் நிற்பது வித்தை காட்டுபவரின் துணிச்சல்தான்.

இந்தியாவில் இந்தச் சோதனை பல நூற்றாண்டுகள் நடந்து முடிந்துவிட்டது. பாம்பைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக, சந்தை சந்தையாக, கோயில் வாசல்வரை கொண்டுபோனவர்கள் பாம்பாட்டிகள். பாம்பை இத்தனை நெருக்கமாக, இத்தனை தலைமுறையாக, இத்தனை கோடி மக்களுக்குக் காட்டிய வேறொரு நாடு இருக்க முடியாது. பயம் குறைந்ததா? பாம்பு பால் குடிக்கும், மகுடிக்கு மயங்கும், பழிவாங்கும் என்ற நம்பிக்கைகள் அந்தக் காட்சிகளோடு சேர்ந்தே தழைத்தன. மகுடி ஊதுபவரின் அசைவைத்தான் பாம்பு கண்ணால் தொடர்கிறது என்பதோ, தாகத்தில் வாடவிட்ட பாம்புதான் வேறு வழியின்றிப் பாலைக் குடிக்கிறது என்பதோ, அந்தப் பால் செரிக்காமல் அது நோயுறும் என்பதோ பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. பல் பிடுங்கப்பட்டு, சில இடங்களில் வாயே தைக்கப்பட்டு, அந்தப் பாம்புகள் செத்தன. பாம்பாட்டிகளை இழிவாகப் பேச இதைச் சொல்லவில்லை. வறுமையில் வாழ்ந்த அவர்களுக்கு அது பிழைப்பு. பாம்பைப் பற்றி ஊராரைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். ஆனால் வெறுமனே காட்டுவதே கல்வி ஆகிவிடும் என்ற கூற்றுக்கு இதைவிடப் பெரிய மறுப்பு எங்கும் கிடைக்காது.

நஞ்சுள்ள பாம்புகள் மனிதரோடு சேர்ந்து வாழும் நாடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தோளில் தொங்கும் மலைப்பாம்பைத் தொட்டுத் தடவிப் பார்த்த சிறுவனுக்கு மனத்தில் பதிவது 'இந்த ஒரு இனம் நஞ்சில்லாதது' என்ற நுட்பமான செய்தியில்லை. பாம்பைத் தொடலாம் என்பதுதான். தமிழ்நாட்டில் கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்றும் மண்ணுளி என்றும் தவறாக எண்ணிக் கையிலெடுப்பவர்கள் இருக்கிறார்கள். தடித்த உடல், பழுப்பு நிறம், முதுகில் வரிசையாகப் புள்ளிகள் என்று பழகாத கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். இந்தியாவில் 2000-க்கும் 2019-க்கும் இடையே பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இங்கே பாம்பைக் கண்டால் ஒதுங்கி நிற்பது அறியாமை ஆகாது, அறிவு. நாம் ஒழிக்க வேண்டியது அடித்துக் கொல்லும் பதற்றத்தை. எட்ட நின்று, அதற்கு வழிவிட்டு, தேவையானால் வனத்துறைக்குச் சொல்லும் எச்சரிக்கையை வளர்த்தாக வேண்டும். தொடு என்று சொல்லும் காட்சி அதற்கு நேர் எதிரான பாடம்.

இனிப் பாம்பின் பக்கம் வருவோம். 'அது பழகிவிட்டது, கையில் அமைதியாக இருக்கிறது, வெளியே வருவது அதற்குப் பிடிக்கிறது' என்பது அடுத்த கூற்று. மேலை நாடுகளில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்றான பந்து மலைப்பாம்பை எடுத்துக்கொள்ளலாம். கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளைச் சேர்ந்தது. எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலெல்லாம் ஒடுங்கியிருந்து இரவில் இரை தேடும். அஞ்சினால் தலையை நடுவே வைத்து உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்ளும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். அதாவது இதன் தற்காப்பு முறையே அசையாமல் இருப்பது. பூனை சீறும், நாய் வாலை இடுக்கிக்கொள்ளும், கிளி கத்தும். இந்தப் பாம்புக்கு இமை இல்லை, முகபாவம் இல்லை, வலியில் அலறும் குரல் இல்லை. அது அசையாமல் கையில் கிடப்பதைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறது என்று சொல்வதற்கும், அச்சத்தில் உறைந்திருக்கிறது என்று சொல்வதற்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. 'சீறவில்லையே' என்பது நல்வாழ்வுக்குச் சான்றாகாது. வீட்டின் அமைதியில், பழகிய கைகளில், சில நிமிடங்கள் எடுத்துப் பார்ப்பதை அது பொறுத்துக்கொள்ளும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்வதிலிருந்து விரும்புவதற்குத் தாவுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

தெருவில் அதன் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டியது. பந்து மலைப்பாம்பின் கூண்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் ஏறத்தாழ 25 டிகிரி என்று வெப்பத்தைப் பிரித்து வைப்பார்கள். தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தேடி நகர்வதுதான் ஊர்வனவற்றின் வாழ்க்கை முறை. செரிமானமும் நோயெதிர்ப்பும் அதைப் பொறுத்தே இருக்கின்றன. இங்கிலாந்தில் கோடையில்கூட வெளிவெப்பம் இந்த அளவை எட்டாத நாட்களே மிகுதி. தோளில் தொங்கும் பாம்பால் வெயிலுக்கோ நிழலுக்கோ, வளைக்குள்ளோ போக முடியாது. இரை தின்ற ஓரிரு நாட்களில் அலைக்கழித்தால் விழுங்கியதைக் கக்கிவிடும். உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணரும் அதற்குச் சுற்றிலும் நெருங்கும் ஒவ்வொரு மனித உடலும் ஒரு பெரிய வெப்ப உருவம். பாம்புக்குக் காது கேட்காது, ஆகவே இரைச்சல் உறுத்தாது என்று ஆறுதல் சொல்வதும் சரியில்லை. தரையின் அதிர்வோடு, காற்றில் வரும் ஒலியையும் பாம்புகள் உணர்ந்து நடத்தையை மாற்றிக்கொள்கின்றன என்று குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பெரும்பாலான இனங்கள் ஒலியிலிருந்து விலகின.

வெயில் வேண்டாமா என்று கேட்பார்கள். இது மறுப்புகளிலேயே வலுவானது, குறிப்பாக இகுவானா, தாடி ஓணான், ஆமை போன்றவற்றுக்கு. சூரியனின் புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் அவற்றின் உடலில் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகாது. எலும்பு மெலிந்து வளைந்துபோகும். ஆனால் வெயில் வேறு, கூட்டம் வேறு. பாதி நிழலும் பாதி வெயிலுமாக, ஒளிந்துகொள்ள இடமும் தண்ணீரும் வைத்து, வலையடித்த கூண்டைக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ வைத்தால் அந்த விலங்குக்கு வேண்டிய அவ்வளவும் கிடைத்துவிடும். தகுந்த புற ஊதா விளக்குகளும் இருக்கின்றன. இகுவானாவுக்கு வார் மாட்டிக் கடைவீதியில் நடத்துவதால் இதற்கு மேல் அதற்குக் கிடைப்பது என்ன?

நஞ்சில்லாதது, ஆகவே யாருக்கும் தீங்கில்லை என்பது அடுத்தது. தீங்கு பல்லில் மட்டும் இருப்பதில்லை. நலமாக இருக்கும் ஊர்வனவும் குடலில் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கின்றன. கழிவின் வழியாக அது தோலிலும் ஓட்டிலும் படிகிறது. அமெரிக்காவில் சிறு ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்து நோயுற்றது பெருகியதால், 1975-இல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பதையே தடை செய்தார்கள். அந்தத் தடை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,00,000 குழந்தைகளைத் தொற்றிலிருந்து காத்தது என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. 1996 ஜனவரியில் டென்வர் விலங்குக் காட்சிசாலையில் கொமோடோ உடும்பைப் பார்க்கப் போனவர்களில் 65 பேருக்குச் சால்மோனெல்லா நோய் கண்டது. ஆராய்ந்தபோது, உடும்பின் இருப்பிடத்தைச் சுற்றியிருந்த மரத் தடுப்பைத் தொட்டதோடுதான் நோய் வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. பார்த்துவிட்டுக் கை கழுவியவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். தொடாமலேயே, உடும்பு நடமாடிய இடத்தை ஒட்டிய மரக்கட்டையிலிருந்து தொற்றியிருக்கிறது. அப்படியானால் பேருந்தின் கைப்பிடிக் கம்பி, உணவகத்தின் மேசை, கடையின் தள்ளுவண்டி? ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளும், முதியவர்களும், நோயெதிர்ப்பு குன்றியவர்களும் ஊர்வனவற்றைத் தொட வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. 'தொட்டுப் பாருங்கள்' என்று நீட்டப்படும் பாம்பை ஆசையோடு தொட வருபவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். பூங்காவில் பக்கத்திலேயே சோப்பும் தண்ணீரும் இருப்பதில்லை. நாய்க்கும் கோழிக்கும்கூடக் கிருமி உண்டே என்பது உண்மை. கோழிக்குஞ்சைத் தொட்டால் கை கழுவு என்றும் அதே மையம்தான் சொல்கிறது. ஒன்றின் ஆபத்து இன்னொன்றுக்கு அனுமதிச் சீட்டாகாது.

கிருமிகள் எதிர்த்திசையிலும் பயணம் செய்யும். வெளியே புல்லில் விடப்பட்ட பாம்பு உண்ணியையும் பூஞ்சையையும் வாங்கி வரலாம், கொடுத்துவிட்டும் வரலாம். பாம்புகளின் தோலை அரிக்கும் பூஞ்சை நோய் பிரிட்டனின் காட்டுப் பாம்புகளிடம் இருப்பது 2017-இல் உறுதியானது. பர்மிய மலைப்பாம்புகளோடு ஃபுளோரிடாவுக்குள் வந்த ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி இன்று அங்கத்திய நாட்டுப் பாம்புகளைக் கொல்கிறது. ஃபுளோரிடா என்றதும், தப்பிப்போகும் பாம்புகளைப் பற்றிய வாதம் நினைவுக்கு வரும். அதை மிகைப்படுத்தக் கூடாது: எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகியதற்குக் காரணம் உலாவுக்குக் கொண்டுபோனவர்கள் இல்லை, வளர்க்க முடியாமல் விட்டுவிட்டவர்களும், பண்ணைகளிலிருந்து தப்பியவையும்தான். ஆனாலும், ஊர்வனவற்றில் ஒன்று எங்கே கைதவறிப் போனாலும் என்ன நேரலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. 2012-இல் வெளியான ஆய்வின்படி, மலைப்பாம்புகள் நிலைகொண்ட பகுதிகளில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்திருந்தது. அவற்றைப் பிடிக்க 2017-இல் தமிழ்நாட்டிலிருந்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள், அதில் ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

நாயைக் கொண்டுவரலாம், பாம்பைக் கூடாதா? இது ஓரவஞ்சனை இல்லையா? நாய் மனிதனோடு குறைந்தது 15,000 ஆண்டுகளாக வாழ்ந்து, மனிதக் குரலையும் முகத்தையும் படிக்கக் கற்ற விலங்கு. வெளியே நடப்பதும் மோப்பம் பிடிப்பதும் அதன் தேவை. கூட்டம் பிடிக்காவிட்டால் அதை அறிவிக்கவும் அதற்குத் தெரியும். பந்து மலைப்பாம்பைப் பெருமளவில் கூண்டில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன, அதுவும் தோலின் நிறத்துக்காக. நாய்க்கும் வார் உண்டு, சில இடங்களில் வாய்மூடி உண்டு, நுழையக் கூடாத இடங்கள் உண்டு. ஆறுதலுக்காக வைத்திருக்கும் துணை விலங்கு என்ற வாதமும் வருகிறது. மனநலத்துக்குப் பாம்பு துணையாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை நான் சந்தேகிக்க மாட்டேன். வீட்டில் அந்தத் துணை அவருக்கு இருக்கட்டும். ஆனால் பயிற்சி பெற்ற உதவி விலங்குகளை வெகுவாக அனுமதிக்கும் அமெரிக்கச் சட்டமும் 2011 முதல் அந்தத் தகுதியை நாய்க்கும், சில நிபந்தனைகளோடு குட்டை இனக் குதிரைக்கும் மட்டுமே தருகிறது. ஒருவரின் ஆறுதல் அதே பெட்டியில் பயணிக்கும் இன்னொருவரின் பேரச்சமாக இருக்கும்போது, இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இருவரில் எவருக்கு மாற்று வழி இருக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

கடைசியாக ஒன்று: பொதுவிடத்திலும் வேண்டாம் என்றால் மக்கள் எங்கேதான் பாம்பைப் பார்ப்பார்கள்? இதற்குப் பதில் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிண்டியில் பாம்புப் பண்ணை 1972 முதல் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. அங்கே மண்பானைகளில் வைத்திருக்கும் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து நஞ்செடுப்பதைப் பார்வையாளர்கள் பார்க்கலாம். பார்ப்பவர் தானே முடிவெடுத்து, சீட்டு வாங்கி வருகிறார். நடுவே தடுப்புச் சுவர் இருக்கிறது. பாம்பைக் கையாள்பவர் தலைமுறை அறிவு உள்ளவர். இது எந்தப் பாம்பு, இதன் நஞ்சு உடலை என்ன செய்யும், எடுத்த நஞ்சு எப்படி நஞ்சுமுறிவு மருந்தாகிறது என்று அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். நஞ்செடுத்த பாம்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டிலேயே மிகக் கொடிய நஞ்சுள்ள பாம்புகளை வைத்து இங்கே நடப்பது, நஞ்சே இல்லாத மலைப்பாம்பை வைத்துக் கடைவீதியில் நடப்பதைவிட எவ்வளவோ அதிகமாகக் கற்றுத்தருகிறது. பள்ளிகளில் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: முன்கூட்டியே அறிவிப்பு, வராமலிருக்க உரிமை, சிறு குழு, கை கழுவ ஏற்பாடு, பாம்புக்கு இடையிடையே ஓய்வு.

இந்தியாவில் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனங்களில் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் அடைத்துக் கடத்திவரும் பந்து மலைப்பாம்புகளையும் இகுவானாக்களையும் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் மீண்டும் மீண்டும் பிடிக்கிறார்கள். தோளில் பாம்போடு எடுத்த படம் இங்கேயும் ஆசையைத் தூண்டுகிறது, அந்த ஆசைதான் கடத்தலுக்குச் சந்தை. முறைப்படி வளர்ப்பவருக்கும் பாம்பை வெளியே எடுக்க வேண்டிய ஒரு நேரம் வரத்தான் செய்யும்: மருத்துவரிடம் கொண்டுபோகும்போது. அதற்குப் பழகிய முறை ஒன்று இருக்கிறது. காற்றுப் புகும் பருத்திப் பையில் பாம்பை விட்டு, வாயை முறுக்கிக் கட்டி, துளையிட்ட பெட்டிக்குள் வைத்து, தட்பவெப்பம் மாறாதபடி மூடி, வண்டியில் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். இருட்டில் சுருண்டு கிடக்கும் பாம்புக்கு அந்தப் பயணம் அதன் வளையைப் போலவே இருக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய தேவையே இல்லை.